வெற்றிலை பாக்குப் பையில் ஒரு பெப்பர் ஸ்பிரே

சாருலதா ஒரு கைக்குட்டை வாங்க வேண்டுமென்றாலும் மூன்று கடை ஏறி இறங்குவாள். அதைக் கஞ்சத்தனம் என்று சொல்லக் கூடாது, தொழில் புத்தி. கோட்டைப் பகுதியில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பர்ச்சேஸ் செக்‌ஷனில் டிகிரி முடித்த கையோடு போய் உட்கார்ந்தவள். மூன்று கொட்டேஷன் இல்லாமல் அந்தக் கம்பெனியில் குண்டூசிகூட வாங்க முடியாது. எது மலிவு, எது நாள்பட உழைக்கும், எது பார்வைக்கு மட்டும் அழகு என்று ஒப்பிட்டுச் சொல்வதிலேயே அவளுடைய தலைமுடி நரைத்தது.

மாப்பிள்ளை விஷயத்திலும் இவள் கொட்டேஷன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள் என்று மாட்டுங்கா உறவுக்காரர்கள் கேலி செய்வதுண்டு. உண்மையில் அங்கே ஒரு கொட்டேஷன்கூட ஒழுங்காக வரவில்லை. அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். தம்பி நகுல் கனடா போனவன் போனவன்தான். அம்மா அபயாம்பாளைத் தனியாக விட்டுப் போக இவளுக்கு மனசு வரவில்லை, இவளை அனுப்பிவிட்டுத் தனியாக இருக்க அம்மாவுக்கும் மனசு வரவில்லை. இதை இரண்டு பேரும் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அப்படியே ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது.

திலக் நகரில் நான்காவது மாடியில் ஒரு சின்ன ஃப்ளாட். சாயங்காலம் அவள் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் நேரத்தில் அம்மாவின் போன் வந்துவிடும். "கெளம்பிட்டியா?" என்று கேட்பாள். சி.எஸ்.டி.யில் ஹார்பர் லைன் வண்டியில் ஏறி உட்காருவதற்குள் இரண்டாவது போன். "வண்டி ஏறிட்டியா? லேடீஸ் டப்பாதானே?" வேறு எந்தப் பெட்டியில் அவள் ஏறுவாளாம். ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரிகளுக்குச் சிரிப்பாக இருக்கும், சாருலதாவுக்கு எரிச்சலாக இருக்கும். போன வருஷம் ஆவணியில் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். காரியங்கள் முடிந்து மறுபடி ஆபீஸ் போன முதல் நாள், சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். அது அடிக்கவில்லை. அன்றைக்கு ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் வந்தாள். யாருக்கும் அது தெரியவில்லை.

ஒரு மனுஷிக்குக் கவலைப்பட ஒரு ஆள் வேண்டும். தன்னைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஆள் இருந்தால் அது கூடுதல் சௌகரியம். சாருலதாவுக்கு இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன.

இந்த ஆனி மாத மழையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. சம்பவம் என்று சொல்வதே அதிகம். ஸ்டேஷன் மேம்பாலத்தில் விளக்கு எரியவில்லை. இவளுக்குப் பின்னால் ஒருவன் நடந்து வந்தான். இவள் வேகமாக நடந்தால் அவனும் வேகமாக நடந்தான், குடையைச் சரிசெய்வதுபோல நின்றால் அவனும் நின்றான். படியிறங்கும்போது அவனுடைய மூச்சு கழுத்தில் படுவதுபோல இருந்தது. கீழே வந்ததும் அவன் வலது பக்கம் திரும்பிப் போய்விட்டான். அவ்வளவுதான். அவனும் இருட்டுக்குப் பயந்து, இவளைத் துணையாகப் பிடித்துக்கொண்டு வந்தவனாக இருக்கலாம். ஆனால் சாருலதாவின் நெஞ்சு லிஃப்டிலும் அடித்துக்கொண்டது. கதவைத் திறந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டாள்.

வீடு இருட்டாக இருந்தது. ஈரக் குடையோடு அங்கேயே நின்றாள். பயந்து வருவது பெரிய விஷயமில்லை, எல்லாரும்தான் பயப்படுகிறார்கள். வீட்டுக்கு வந்து ஒருத்தரிடம் சொல்லி, அவர் இரண்டு திட்டுத் திட்டி, காப்பி கொடுத்தால்தான் அந்தப் பயம் முடியும். சொல்ல ஆளில்லாத பயம் முடிவதில்லை. ராத்திரி முழுக்க அது அவளோடு படுக்கையில் கிடந்தது. காலையில் எழுந்து, ஒரு பெப்பர் ஸ்பிரே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்தால் போதுமா, மூன்று கொட்டேஷன் வேண்டாமா. செம்பூரில் மருந்துக்கடைக்காரன் ஒரே ஒரு ரகம்தான் வைத்திருந்தான். இதில் எத்தனை வகை உண்டு, எவ்வளவு தூரம் போகும், எந்தத் தேதி வரைக்கும் நல்லது என்று இவள் கேட்கக் கேட்க அவன் முகம் சிறுத்துப் போயிற்று. "மேடம், ஸப் ஏக் ஹீ ஹை", எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டான். போனில் தேடிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம் போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் நாலரை என்றால் ஒன்றுக்கும் இல்லை என்று அர்த்தம், பர்ச்சேஸ்காரிக்கு இது தெரியாதா. கடைசியில் ஒரு சனிக்கிழமை வடாலாவில் வண்டி மாறிக் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனாள். அங்கே காசிராஜனின் ஃபேன்ஸி ஸ்டோர் இருக்கிறது.

காசிராஜன் தென்காசிப் பக்கத்துக்காரர், தாராவியில் வீடு. குங்குமச் சிமிழ், பிளாஸ்டிக் டப்பா, பூட்டு, டார்ச், திருஷ்டிப் பொம்மை என்று அவரிடம் இல்லாத சாமான் கிடையாது. எந்தச் சாமானைக் கேட்டாலும் அது நேற்றுத்தான் வந்தது என்பார்.

"வாங்கக்கா. ஸ்பிரேயா? நேத்துத்தான் வந்து எறங்குச்சு. ஏக்தம் பக்கா மால். நம்ம மகேஸ்வரிகூட ஒண்ணு வச்சிருக்கா" என்றார். மகேஸ்வரி அவர் மனைவி, கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். தான் அப்படி ஒன்றும் வைத்திருக்கவில்லை என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"இது மிஸ்ட்டா, ஸ்ட்ரீமா, ஜெல்லா?" என்று சாருலதா கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்குக்கா. அடிச்சா ஆளு விழணும், அம்புட்டுத்தான."

"காத்து நம்ம பக்கம் அடிச்சா நாமதானே விழுவோம்."

"சும்மா சந்தேகப்படாதீங்கக்கா. இந்தா, ஒரு பொட்டு அடிச்சுக் காட்டுதேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, காசிராஜன் கடையின் காலி மூலையைப் பார்த்து ஒரு தடவை அமுக்கினார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அவர் மறந்துவிட்டார். அடுத்த நிமிஷம் கடையில் இருந்த எல்லாரும், காசிராஜன் உட்பட, பொடி நெடி ஏறி இருமிக்கொண்டு தெருவில் நின்றார்கள். வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குஜராத்திப் பெண்கள் வளையலைப் போட்டபடியே நழுவிவிட்டார்கள். மகேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவுக இப்பிடித்தான், போன தடவ எலி மருந்த மோந்து காட்டுனாக" என்றாள். சாருலதா கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும், வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் அம்மா என்ன சொல்வாள் என்ற நினைப்பு வந்தது. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்று நிச்சயமாயிற்று. புகைபோலப் பரவுகிற ரகம் மூடின இடத்துக்கு ஆகாது, காற்றடிக்கிற மேம்பாலத்துக்கும் ஆகாது. நேர்கோட்டில் பீச்சுகிற ரகத்தில் தனக்கு ஒன்று வாங்கினாள். விரல் தெரியாமல் பட்டால் திறந்துகொள்ளாத மூடி, கைக்கு அடங்குகிற உயரம், காலாவதித் தேதி இரண்டு வருஷம் தள்ளி. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்ததை எல்லாம் வண்டியில் உட்கார்ந்து படித்தாள். வெயிலில் வைக்காதே, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை, விமானத்தில் கொண்டுபோகாதே. விமானத்தில் போக எனக்கு எந்த ஊர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

இப்போது எதிர் ஃப்ளாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பது மீனலோசனியும் அவள் கணவர் அனந்தகிருஷ்ணனும். அவர் பேங்க் ரிட்டயர்மெண்டுக்குப் பிறகு டி.வி.யின் முன்னால் வேரூன்றிவிட்டவர். ஒரே மகள் வந்தனா, இருபத்து நாலு வயது, விக்ரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆறடி வராந்தாவும் லிஃப்டும்தான். மீனலோசனி நல்லவள். அம்மா காரியத்தின்போது சமையலெல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வது லிஃப்டுக்குள் மட்டும்தான். லிஃப்டுக்குள் எவ்வளவு பேச முடியும்.

வந்தனா வீடு திரும்ப ஒன்பது ஆகும். மழைக்காலத்தில் ஒருநாள் லிஃப்ட் வந்து நின்ற சத்தமும் சாவி குலுங்குகிற சத்தமும் கேட்டு, 'வந்துட்டாள்' என்று சாருலதா தன்னையறியாமல் சொல்லிக்கொண்டாள். மறுநாள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அதற்கு மறுநாள் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். நின்று, சாவி குலுங்கி, எதிர்க்கதவு திறந்து மூடியதும், அப்பாடா என்று உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். அதுவே வழக்கமாகிவிட்டது. மழை அதிகமாகி வண்டிகள் தாமதமானால் இவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் விளக்கைப் போட்டார்களா என்று ஆபீஸிலிருந்து வரும்போது தினமும் நிமிர்ந்து பார்ப்பாள், தனக்காக இல்லை. இந்தக் கவலைக்கு அவளிடம் எந்த உரிமையும் கிடையாது, அது அவளுக்கே தெரியும். ஆனாலும் விடவில்லை, அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அம்மாவின் வருஷாப்தீகம் முடிந்தது. ஒரு வருஷம் பண்டிகை கிடையாது என்ற தடையும் நீங்கியது. இந்தப் புரட்டாசியில் கொலு வைக்கலாம் என்று தீர்மானித்தாள். மூன்றே படி. கொலு என்றால் வீட்டுக்கு வருகிற பெண்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க வேண்டும், அதோடு ஏதாவது ஒரு சின்னச் சாமானும். அம்மா இருந்தவரை ரவிக்கைத் துண்டுதான். ரவிக்கைத் துண்டு என்பது தைத்துப் போட்டுக்கொள்வதற்கு இல்லை, கைமாற்றுவதற்கு. இங்கே வாங்கியதை அங்கே கொடுத்து, அங்கே வாங்கியதை இன்னோர் இடத்தில் கொடுத்து, ஒரே துண்டு மாட்டுங்காவிலிருந்து முலுண்டு வரை போய் நவராத்திரி முடிவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தத் தடவை ரவிக்கைத் துண்டு வேண்டாம், உபயோகமாக ஏதாவது கொடுப்போம் என்று நினைத்தபோதே அவளுக்கு யார் முகம் ஞாபகம் வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காசிராஜன் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"வெத்தல பாக்குக்கா? கொலுவுக்கா? அக்கா, எல்லாரும் டப்பாதான் வாங்குதாங்க. கண்ணாடி வச்ச குங்குமச் சிமிழ் வந்திருக்கு, நேத்துத்தான்."

"ஸ்பிரேதான். நீங்க அடிச்சுக் காட்ட வேண்டாம்" என்றாள் சாருலதா.

எல்லாருக்கும் தன்னுடைய ரகமே. வந்தனாவுக்கு மட்டும் ஜெல். அதற்காக அவள் பட்ட பாட்டை ஆபீஸில் ஒரு மிஷினுக்குக்கூடப் பட்டதில்லை. வந்தனா ரயிலில் மட்டுமில்லை, சில நாள் ஆட்டோவிலும் கம்பெனி வண்டியிலும் வருகிறவள். மூடின வண்டிக்குள் அடித்தால் மற்ற ரகம் அவளையும் சேர்த்துத் தாக்கும், ஜெல் என்றால் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவள் இடது கைக்காரி. லிஃப்ட் பொத்தானை அவள் இடது கையால் அமுக்குவதைச் சாருலதா பார்த்திருக்கிறாள். எந்தக் கையாலும் திறக்கிற மூடியுள்ள ஜெல் காசிராஜனிடம் இல்லை, சொல்லிவைத்து வரவழைத்தாள். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு பச்சைக் கயிறும் தானே கோத்துக் கட்டினாள்.

கொலுவுக்கு வந்த மாமிகள் பையைத் திறந்து பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கரப்பான்பூச்சிக்கா சாரு?" என்று கேட்டாள் மூன்றாவது மாடி பார்வதியம்மாள். சாருலதா மூடியை எப்படித் திருப்புவது, கையை எப்படி நீட்டுவது, அடித்ததும் எப்படி விலகி ஓடுவது என்று ஒவ்வொருத்திக்கும் காட்டினாள். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. "எங்காத்து மாமாமேலே அடிச்சுப் பாக்கலாமோ" என்று ஒரு மாமி கேட்க, ஹால் முழுக்கச் சிரிப்பு. அம்மா போனபின் அந்த ஹாலில் அத்தனை பேர் உட்கார்ந்ததில்லை. சாருலதாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வந்தனா தன் அம்மாவோடு வந்தாள். ஆபீஸ் உடுப்பு மாற்ற நேரமில்லை, ஜீன்ஸோடு வந்து நமஸ்காரம் பண்ணினாள். சாருலதா குங்குமம் இட்டு, ஜெல்லைப் பையில் போடாமல் தனியாகக் கையில் கொடுத்தாள்.

"இது வேற. ஒனக்காகப் பாத்து வாங்கினது. எப்பவும் கைல வச்சுக்கோ, பைக்கு அடீல போட்டுடாதே."

"தாங்க்யூ ஆன்ட்டி. கயிறு நீங்களே கட்டினேளா?" என்று கேட்டு, அந்தப் பெண் அதை இடது மணிக்கட்டில் மாட்டித் திருப்பிப் பார்த்தாள்.

அது போதுமாயிருந்தது. இனி அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலைப்படத் தனக்கு ஒரு சின்ன உரிமை உண்டு என்று சாருலதாவுக்குத் தோன்றியது.

நவராத்திரி நடக்க நடக்க ஸ்பிரேக்கள் கட்டடத்துக்குள் பயணம் கிளம்பிவிட்டன. பார்வதியம்மாள் வீட்டுக்குச் சாருலதா வெற்றிலை பாக்குக்குப் போய்வந்து பையைத் திறந்தால் உள்ளே அவளுடைய ஸ்பிரேயே இருந்தது. யாருக்குக் கொடுத்ததோ, எத்தனை வீடு சுற்றி வந்ததோ. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் சாமானுக்கும் ரவிக்கைத் துண்டின் அந்தஸ்து வந்துவிட்டது என்று எடுத்து வைத்தாள்.

சரஸ்வதி பூஜையன்று மீனலோசனி கூப்பிட்டாள். போய்ப் பாயசம் குடித்துவிட்டு வந்தாள். வந்தனா அங்கே இல்லை, ஆபீஸ் உண்டு என்றார்கள். வீட்டுக்கு வந்து சமையலறை மேடையில் பையைக் கவிழ்த்தாள். தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், மஞ்சள். அவற்றோடு பச்சைக் கயிறு கட்டின ஜெல்லும் விழுந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மற்றவை வரலாம், போகலாம். இது வந்திருக்கக் கூடாது. யார் கொடுத்தது என்றுகூட நினைவில்லாமல், கொடுத்தவள் பையிலேயே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் தான் யார் என்பது இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது, லிஃப்டில் பேசுகிற எதிர்வீட்டுக்காரி. ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து, காய்ச்சலுக்குக் கண்விழித்தவர்கள் கவலைப்படுவார்கள். இவளை யார் கேட்டார்கள். சாருலதாவுக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்கு அடியில் அழுகை இருந்தது. தேங்காயை மட்டும் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

அன்று ஒன்பது மணிக்கு அவள் கதவுக்குப் பின்னால் போகவில்லை. சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். லிஃப்ட் வந்து நின்றது. சாவி இரண்டு தடவை குலுங்கியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இரண்டு தடவை குலுங்கியது. சாவி கிடைக்காமல் தேடுகிறாள் போலிருக்கிறது, தேடட்டும், எனக்கென்ன என்று சாருலதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கதவு திறந்து மூடியது.

விஜயதசமியன்று காலையில் கோபம் வடிந்து பிடிவாதம் மிஞ்சியது. பர்ச்சேஸ் செக்‌ஷனில் திருப்பி வந்த சாமானைக் காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்ளும் வழக்கமில்லை. ஜெல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்தது வந்தனாதான். அவளுக்குப் பின்னால் ஹாலில் இரண்டு பெரிய பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. எடை பார்க்கிற மெஷின் ஒன்றும் இருந்தது.

"உள்ள வாங்கோ ஆன்ட்டி. மம்மி கோயிலுக்குப் போயிருக்கா."

"என்ன இது, பெட்டியெல்லாம்?"

"மம்மி சொல்லலையா? எனக்கு பெங்களூர்ல வேலை கெடச்சிருக்கு. நாளைக்குக் காலம்பற ஃப்ளைட்."

சாருலதா பெட்டிகளைப் பார்த்தாள். இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். லிஃப்டுக்குள் சொல்லிக்கொள்ளும் செய்தி இது இல்லைபோலும்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள். சொல்லும்போதே கை முன்னால் நீண்டது. "இதைத் திருப்பிக் குடுத்துட்டேளே, அதான்."

வந்தனா பச்சைக் கயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். "நான்தான் மம்மிகிட்ட சொன்னேன். ஃப்ளைட்ல எடுத்துண்டு போக விட மாட்டா. மம்மி வேற யாருக்காவது குடுத்துடுவான்னு, சாரு ஆன்ட்டி பைலதான் வைக்கணும்னு சத்தியம் வாங்கிண்டேன்."

"எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

"இருக்கட்டும். எனக்கு மம்மி இருக்கா, டாடி இருக்கா. அங்க போனா ரூம்மேட் இருப்பா. உங்களுக்குத்தான் யாரும் இல்லியே ஆன்ட்டி."

அவள் அதைக் கனிவோடுதான் சொன்னாள். அதில் குத்தலோ பரிகாசமோ ஒரு துளிகூட இல்லை. இத்தனை நாள் எல்லாரும் சுற்றி வளைத்துத் தாண்டிப் போன ஒன்றை அந்தப் பெண் நேராகச் சொன்னாள், அவ்வளவுதான்.

"நேத்து எங்க போயிருந்தேள்?" என்று வந்தனா கேட்டாள்.

"எங்கியும் இல்லை. ஆத்துலதான் இருந்தேன்."

"கதவுகிட்ட காணோமே. உங்க கதவுக்கு அடீல வெளிச்சம் தெரியும். நீங்க வந்து நின்னா ரெண்டு கால் நிழல் தெரியும். எனக்கு மொதல்ல கொஞ்சம் பயமா இருந்தது. அப்பறம் புரிஞ்சுது. அதனாலதான் வந்தவுடனே சாவியை ரெண்டு தரம் குலுக்குவேன், வந்துட்டேன்னு. நேத்து நிழலைக் காணோம். தூங்கிட்டேளோன்னு இன்னொரு தரம் குலுக்கினேன்."

ரகசியம் என்று எத்தனையோ நாளாகச் சாருலதா ஒளித்துவைத்திருந்தது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வெட்டவெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் அதற்குத் தினமும் பதிலும் சொல்லியிருக்கிறாள், பதில் சொல்கிறாள் என்று தெரியாமல் இவள் கேட்டிருக்கிறாள். பதில் சொல்கிறவள் நாளைக்கு ஊரை விட்டுப் போகிறாள்.

"ஒழுங்கா சாப்பிடு. அங்க போயி எறங்கினதும் அம்மாக்கு போன் பண்ணு" என்று மட்டும் சொன்னாள். வந்தனா குனிந்து நமஸ்காரம் பண்ணினாள். சாருலதா ஜெல்லை எடுத்துக்கொண்டு ஆறடி வராந்தாவைக் கடந்து தன் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் அவள் எழுந்திருப்பதற்கு முன்பே லிஃப்ட் பெட்டிகளை இறக்கிவிட்டிருந்தது. ஆபீஸ் போனாள். பெயிண்ட் அடைக்கிற வாளிகளுக்காக மூன்று கொட்டேஷன் பார்த்தாள், மூன்றும் ஒன்றுபோலவே தெரிந்தன. சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டபோது பழக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தாள், பிறகு உள்ளே போட்டாள்.

திலக் நகரில் இறங்கியபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. மேம்பாலத்தில் விளக்கு எரிந்தது. இன்றைக்கு அதைப் பார்த்து நிம்மதிப்பட எந்தக் காரணமும் இல்லை. ஜெல்லை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, இடது கைக்குக் கட்டின கயிறு வலது கையில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள, ஜனத்தோடு ஜனமாகப் படியிறங்கினாள். யாரும் பின்னால் வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. என்ன அசட்டு நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றது. வெளியே வந்து தன் கதவைப் பார்த்தாள். அடியில் இருட்டு. உள்ளே யாருமில்லாத வீட்டின் கதவு வெளியிலிருந்து இப்படித்தான் தெரியும் என்று அப்போதுதான் கவனித்தாள். சாவியை எடுத்தவள் ஏதோ தோன்றித் திரும்பினாள்.

எதிர்க்கதவின் அடியில் வெளிச்சம் இருந்தது. உள்ளே டி.வி. சத்தம் கேட்டது. வெளிச்சத்தின் நடுவில் இரண்டு கால்களின் நிழல் இருந்தது.

மீனலோசனி மகள் வருகிற நேரமென்று பழக்கத்தில் வந்து நிற்கிறாளோ, இல்லை வந்தனா போகும்போது ஏதாவது சொல்லிவிட்டுப் போனாளோ, சாருலதாவுக்குத் தெரியவில்லை. கதவைத் தட்டிக் கேட்கலாம். கேட்டால் கதவு திறக்கும், 'என்ன சாரு, இப்பதான் வரியா' என்று லிஃப்டில் பேசுவதுபோல இரண்டு வார்த்தை பேசி முடிந்துவிடும். அவள் தட்டவில்லை. சாவிக்கொத்தை உயர்த்தி இரண்டு தடவை குலுக்கினாள்.

நிழல் அசையாமல் இருந்தது. பிறகு மெதுவாக விலகிப் போயிற்று. சாருலதா கதவைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.